எஸ்2-வும் நடுங்கும் காற்றும்: ஒரு விண்மீனை 26 ஆண்டுகள் துரத்திய கதை

2002 ஏப்ரல், மே வாக்கில் பால்வெளியின் நடுவே ஒரு விண்மீன் சட்டென்று திரும்பியது. அதன் பெயர் எஸ்2. பத்து ஆண்டுகளாக ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்த அது, சில மாதங்களுக்குள் எதையோ வளைத்துச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் கிளம்பிவிட்டது. எதைச் சுற்றியது என்று படத்தில் தேடினால் அந்த இடம் காலி. அந்தக் காலி இடத்தின் எடையைக் கணக்குப் போட்டால் சூரியனைப் போல சுமார் 40 லட்சம் மடங்கு வருகிறது.

அந்தக் காலி இடத்தில் இருக்கும் தனுசு ஏ* கருந்துளையின் கதையாக இதைப் பலரும் எழுதிவிட்டார்கள். 2020-இல் ரைன்ஹார்ட் கென்சலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் இதற்காகத்தான் இயற்பியல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள், மறு பாதி ரோஜர் பென்ரோஸுக்குப் போனது. நான் இங்கே எடுத்துக்கொள்வது அதற்கு அடியில் கிடக்கும் இன்னொரு கதையை. 8 மீட்டர், 10 மீட்டர் தொலைநோக்கிகளை வைத்துக்கொண்டும் இந்த விண்மீனைப் பார்க்க விடாமல் காற்று எப்படி மறித்தது, அதைத் தகவமை ஒளியியல் எப்படிச் சமாளித்தது, எங்கே சமாளிக்க முடியாமல் போனது என்பதுதான் விஷயம். தகவமை ஒளியியல் என்றதும் எல்லோருக்கும் விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை நெளியும் அந்த மாயக் கண்ணாடிதான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த ஒரு நிகழ்வை முதலிலிருந்து கடைசி வரை நூல் பிடித்துப் போனால், கண்ணாடிக்கு இரண்டாம் இடம்தான். எந்த விண்மீனைப் பார்த்து அந்தக் கண்ணாடியை நெளிக்கிறோம் என்பதில்தான் ஒவ்வொரு முறையும் காரியம் கூடியது, அல்லது கெட்டது.

எவ்வளவு சின்ன இடம்

எண்களை முதலில் வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் இது எவ்வளவு கடினம் என்பதே புரியாது. பால்வெளியின் மையம் நம்மிடமிருந்து சுமார் 27,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஒரு பாகையை 3600 துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு ஒரு வில்விநாடி, அதாவது 2 கிலோமீட்டர் தள்ளி வைத்த 1 சென்டிமீட்டர் பொருளின் அகலம். எஸ்2 தன் நீள்வட்டத்தை ஒருமுறை சுற்ற 16 ஆண்டுகள் எடுக்கிறது, அந்த முழுப் பாதையும் வானத்தில் கால் வில்விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. நல்ல மலையுச்சியில் நல்ல இரவில்கூட, சாதாரணமாக எடுக்கும் படத்தில் ஒரு விண்மீன் அரை வில்விநாடியிலிருந்து ஒரு வில்விநாடி வரை அகன்ற புகைத் திட்டாகத்தான் விழும். எஸ்2-வின் 16 ஆண்டுப் பயணம் முழுவதும் அந்த ஒரு திட்டுக்குள்ளேயே முடிந்துபோகும். போதாக்குறைக்கு அந்தத் திட்டுக்குள் இன்னும் பல விண்மீன்கள் நெரிசலாக நிற்கின்றன.

இன்னொரு தடை தூசி. நமக்கும் மையத்துக்கும் நடுவே கிடக்கும் தூசியைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியும் ஒளி வந்து சேர்வது சுமார் லட்சம் கோடியில் ஒரு பங்குதான். அகச்சிவப்பில், 2.2 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், பத்தில் ஒரு பங்காவது தப்பி வந்துவிடும். ஆகவே அகச்சிவப்பைத் தவிர வேறு வழியில்லை. இந்தக் கட்டாயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் திருப்பம் இதில்தான் இருக்கிறது.

காற்று என்ன செய்கிறது

வெயிலில் காய்ந்த தார்ச்சாலைக்கு மேலே எதிரே வரும் வண்டி நெளிந்து தெரியுமே, அதேதான் வானத்திலும் நடக்கிறது. விண்மீன் என்ற சொல்லில் உள்ள மீன் 'மின்' என்பதிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. உண்மையோ இல்லையோ, மின்னுவது விண்மீன் அல்ல, காற்று. கடல் மட்டத்துக் காற்றில் வெப்பம் ஒரு டிகிரி மாறினால் ஒளிவிலகல் எண் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மாறும். கேட்க ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். ஆனால் அப்படி ஒரு டிகிரி மாறிய காற்றுக்குள் ஒளி ஒரே ஒரு மீட்டர் போனாலே 1 மைக்ரோமீட்டர் பின்தங்கிவிடும், அது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைப் போல இரண்டு மடங்கு. பல்லாயிரம் ஆண்டு தட்டையாகவே வந்த அலைமுகப்பு, கடைசிச் சில கிலோமீட்டரில், கடைசி விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கசங்கிப் போகிறது. பெரிய அநியாயம்தான்.

எவ்வளவு கசங்குகிறது என்பதற்கு ஃபிரைட் நீளம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அலைமுகப்பு எவ்வளவு அகலத்துக்கு ஏறத்தாழத் தட்டையாக இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு அது. பச்சை ஒளியில் ஓரளவு நல்ல இடத்தில் 10 சென்டிமீட்டர் இருக்கும். அப்படியானால் 8 மீட்டர் தொலைநோக்கி கட்டினாலும் படத்தின் கூர்மை 10 சென்டிமீட்டர் தொலைநோக்கியுடையதுதான், ஒளி மட்டும்தான் கூடுதல். இந்த நீளம் அலைநீளத்தோடு சேர்ந்து வளரும், அதுவும் சற்று வேகமாகவே வளரும். 0.5 மைக்ரோமீட்டரிலிருந்து 2.2-க்குப் போனால் அலைநீளம் 4.4 மடங்கு, ஃபிரைட் நீளமோ ஏறக்குறைய 6 மடங்கு, அதாவது 60 சென்டிமீட்டர். 8.2 மீட்டர் ஆடியை 60 சென்டிமீட்டர்த் துண்டுகளாக எண்ணினால் 190-க்குச் சற்றுக் குறைவாக வரும். பச்சை ஒளிக்கு இதே கணக்கைப் போட்டால் 6700-ஐத் தாண்டும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டால், எந்த நிறத்தில் வேலை சுலபம் என்று சொல்லத் தேவையில்லை. காற்று கலையும் வேகமும் அகச்சிவப்பில் குறைந்தது போலத் தெரியும். பச்சையில் சில மில்லிவிநாடிக்குள் அலைமுகப்பின் வடிவம் மாறிவிடும், 2.2 மைக்ரோமீட்டரில் பத்து இருபது மில்லிவிநாடி கெடு கிடைக்கும்.

தூசி காரணமாக எப்படியும் அகச்சிவப்புக்குத்தான் போக வேண்டியிருந்தது. அது காற்று விஷயத்திலும் தயவு காட்டியது.

கண்ணாடி வருவதற்கு முன்

கண்ணாடியை நெளிக்கலாம் என்ற யோசனை பழையது. 1953-இலேயே ஹோரஸ் பாப்காக் எழுதிவிட்டார், கண்ணாடிமேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் பூசி, எலக்ட்ரான் கற்றையால் அதில் மின்னூட்டம் ஏற்றி மேடு பள்ளம் உண்டாக்கலாம் என்பது அவர் திட்டம். அன்றைக்கு இருந்த மின்னணுவியலில் அது நடக்கிற காரியமில்லை. பிறகு அமெரிக்க ராணுவம் செயற்கைக்கோள்களை உளவு பார்க்க இதையே எடுத்து ரகசியமாக வளர்த்தது, அந்த வேலையில் பெரும்பகுதி 1991-இல்தான் வெளியே வந்தது. வானியலுக்கென்று முதலில் ஓடிக் காட்டியது 1989-இல் பிரான்ஸின் ஓட்-ப்ரோவான்ஸ் ஆய்வகத்தில், 1.52 மீட்டர் தொலைநோக்கியில், பின்னாலிருந்து தள்ளி நெளிக்கும் 19 தள்ளுகோல்கள் கொண்ட ஒரு கண்ணாடி. அடுத்த ஆண்டே அது சிலி நாட்டின் லா சில்லாவுக்கு, 3.6 மீட்டர் தொலைநோக்கிக்குப் போனது.

ஆனால் எஸ்2 வேட்டை தொடங்கியது நெளியும் கண்ணாடியோடு அல்ல. 1992-இல் கென்சலின் குழு, கார்ஹிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் புறவெளி இயற்பியல் நிறுவனத்திலிருந்து, லா சில்லாவின் 3.5 மீட்டர் தொலைநோக்கியில் ஆரம்பித்தது. 1995-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து கெஸ்ஸின் குழு, ஹவாயின் மௌனா கியாவில் உள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியில் ஆரம்பித்தது. இருவரும் கையாண்டது ஸ்பெக்கிள் முறை. விநாடிக்கும் குறைவான, கெக்கில் விநாடியின் பத்தில் ஒரு பங்கு அளவான குட்டிக் குட்டிப் படங்களை ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் காற்று கிட்டத்தட்ட உறைந்து நிற்கும், விண்மீன் பல பொட்டுகளாகச் சிதறித் தெரியும். மிகப் பிரகாசமான பொட்டை ஒரே இடத்துக்கு நகர்த்தி எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவில் கூர்மையான ஒரு புள்ளி எழும்பும், சுற்றிலும் பெரிய புகைவட்டம் மிஞ்சும்.

ஏழை வீட்டுச் சமையல் மாதிரி, இருப்பதை வைத்துச் செய்தது. ஆனால் அதை மட்டமாகப் பேசக் கூடாது. விண்மீன்கள் நகர்கின்றன, மையத்தை நெருங்க நெருங்க வேகமாக நகர்கின்றன என்று காட்டியதே இந்த முறைதான். அதற்கு இரண்டு குறைகள் இருந்தன. மங்கலான விண்மீன்கள் புகைவட்டத்தில் மூழ்கிவிடும். அதைவிட மோசமானது, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை எடுக்க முடியாது. படத்தை எடுத்த பிறகு கணினியில் அடுக்கிச் சரிசெய்யலாம், ஆனால் நிறமாலைமானியின் மெல்லிய பிளவுக்குள் எஸ்2-வின் ஒளியை மட்டும் நுழைக்க வேண்டும் என்றால் ஒளி அந்த நொடியிலேயே, அந்த இடத்திலேயே குவிந்திருக்க வேண்டும். நிறமாலை இல்லாவிட்டால் விண்மீன் நம்மை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று தெரியாது. வானத்தளத்தில் அது நகர்வது கோணமாக மட்டுமே தெரியும், கிலோமீட்டராக மாற்றத் தூரம் தெரிந்திருக்க வேண்டும்.

வழிகாட்டி இல்லாத வானம்

சரி, இனி நெளியும் கண்ணாடிக்கு வருவோம். அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைநோக்கியிலிருந்து வரும் ஒளி முதலில் முழுப் படத்தின் ஆட்டத்தை நிறுத்தும் சாய்வுக் கண்ணாடியில் பட்டு, பிறகு நெளியும் கண்ணாடியில் படும். அங்கிருந்து ஒரு பிரிப்பான் அதை இரண்டாக்கும், ஒரு பங்கு கேமராவுக்கு, ஒரு பங்கு அலைமுகப்பு உணரிக்கு. உணரியில் வரிசையாகக் குட்டி வில்லைகள் இருக்கும். அலைமுகப்பு தட்டையாக இருந்தால் ஒவ்வொரு வில்லையும் தன் நேர் நடுவில் ஒரு புள்ளி போடும். சாய்ந்திருந்தால் புள்ளி தள்ளி விழும். எல்லாப் புள்ளிகளும் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று அளந்து, அதிலிருந்து அலைமுகப்பின் வடிவத்தைக் கணக்கிட்டு, கண்ணாடியை நேர் எதிராக நெளிக்க வேண்டும். காற்று மாறுவதற்குள் இதை முடித்து அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டும்.

இதில் ஒரு வரியை எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். உணரிக்குள் புள்ளி விழ ஒளி வேண்டும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒளியை நூற்றுக்கும் மேற்பட்ட வில்லைகளுக்குப் பங்குபோட வேண்டும் என்றால், மங்கலான விண்மீன் ஒன்றும் உதவாது, ஒரு வில்லைக்கு நாலு ஃபோட்டான் வந்தால் எதை அளப்பது? பிரகாசமான விண்மீன் வேண்டும். அதுவும் பக்கத்திலேயே வேண்டும், ஏனென்றால் சற்றே தள்ளி இருக்கும் விண்மீனின் ஒளி வேறு காற்றைக் கடந்து வரும். அகச்சிவப்பிலேயே பத்துப் பதினைந்து வில்விநாடிக்கு அப்பால் போனால் திருத்தம் தளர ஆரம்பிக்கும்.

பால்வெளி மையத்தில் அப்படிப்பட்ட விண்மீன் கிடையாது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்தால். தூசி எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. அந்தக் காலத்து உணரிகள் கிட்டத்தட்ட எல்லாமே கண்ணுக்குத் தெரியும் ஒளியில்தான் இயங்கின, ஏனென்றால் வேகமான, இரைச்சல் குறைந்த கேமராச் சில்லுகள் அந்த ஒளிக்குத்தான் இருந்தன. கெக்கின் தகவமை அமைப்பு 1999-இல் ஓடத் தொடங்கியது, 349 தள்ளுகோல்கள் கொண்ட அருமையான கண்ணாடி. ஆனால் மையத்தைப் பார்க்கும்போது அதன் உணரிக்குக் கிடைத்ததோ சுமார் 30 வில்விநாடி தள்ளி நிற்கும் மங்கலான ஒரு விண்மீன். 349 தள்ளுகோல்களும் அரைகுறைத் தகவலை நம்பி நெளிந்தன. அதனால்தான் கெக்கில் தகவமை வந்த பிறகும் மையத்துக்கு ஸ்பெக்கிள் முறை 2005 வரை கூடவே ஓடியது.

இப்போது சிலியின் பரனால் மலைக்கு வாருங்கள். ஐரோப்பிய தென் வானாய்வகத்தின் 8.2 மீட்டர் தொலைநோக்கிகளில் நான்காவதான யேபுனில் 2001 நவம்பரில் நாக்கோ என்ற கருவி முதல் ஒளியைப் பார்த்தது. கண்ணாடியில் 185 தள்ளுகோல்கள், மேலே போட்ட 60 சென்டிமீட்டர்த் துண்டுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கச்சிதமாக இருக்கும். கெக்கை விடக் கண்ணாடி சிறியது, தள்ளுகோல்கள் பாதிதான். ஆனால் அதில் இரண்டு உணரிகள் வைத்திருந்தார்கள், ஒன்று கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு, மற்றொன்று அகச்சிவப்புக்கு. மையத்திலிருந்து வெறும் ஐந்தரை வில்விநாடி வடக்கே ஐஆர்எஸ் 7 என்ற சிவப்பு மீப்பெரு விண்மீன் நிற்கிறது. கண்ணுக்கு அது இல்லவே இல்லை, அகச்சிவப்பிலோ எஸ்2-வைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பிரகாசம். வழிகாட்டி இல்லாத வானம் என்று எல்லோரும் நினைத்த இடத்தில், உணரியின் நிறத்தை மாற்றியதும் வழிகாட்டி கண்முன்னே நின்றது.

இந்த முடிவை எடுத்தவர்களுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். சும்மா கிடைத்த சலுகை அல்ல அது. அன்றைய அகச்சிவப்புச் சில்லுகளில் இரைச்சல் அதிகம். கேமராவுக்குப் போக வேண்டிய அதே அகச்சிவப்பு ஒளியில் ஒரு பங்கை உணரிக்குப் பிய்த்துக் கொடுக்க வேண்டும். கருவியைக் குளிரூட்ட வேண்டும். உலகத்தில் வேறு பல வானியல் வேலைகளுக்கு அந்த உணரி தேவையே இல்லை. ஆனாலும் வைத்தார்கள். ஆறே மாதத்தில் எஸ்2 திரும்பியது.

இன்னொரு அனுகூலமும் இருந்தது, அது வெறும் புவியியல். பரனால் தெற்கே 24.6 பாகையில் இருப்பதால் பால்வெளி மையம் கிட்டத்தட்ட தலைக்கு நேர்மேலே வரும். மௌனா கியா வடக்கே 20 பாகையில் இருப்பதால் அங்கே மையம் தொடுவானத்திலிருந்து 41 பாகைக்கு மேல் ஏறாது, ஒளி ஒன்றரை மடங்குக் காற்றைக் கடந்து வர வேண்டும். மௌனா கியா 4000 மீட்டருக்கு மேல், பரனால் 2635 மீட்டர்தான் என்றாலும், இந்த ஒரு பொருளுக்குத் தெற்கு வாகானது.

2002 அக்டோபரில் கென்சல் குழுவின் கட்டுரை வந்தது: அன்றைய கணக்குப்படி 15.2 ஆண்டில் சுற்றும் ஒரு விண்மீன், கருந்துளைக்கு 17 ஒளிமணி தூரம் வரை போனது. கெக் குழுவும் சும்மா இருக்கவில்லை, அதே 2002-இல் தகவமை உதவியோடு எஸ்2-வின் நிறமாலையில் முதன்முதலாகக் கோடுகளைப் பிடித்தார்கள். பார்த்தால் அது சூடான, இளம் விண்மீன், கருந்துளைக்கு இவ்வளவு பக்கத்தில் அவ்வளவு இளசு எப்படி வந்தது என்பது தனிப் புதிர், அதற்குள் இப்போது போகவில்லை. நமக்கு வேண்டியது இதுதான்: நிறமாலை கிடைத்ததும் கிலோமீட்டர்/விநாடி கிடைத்தது, அதையும் வானத்தில் தெரிந்த கோண நகர்வையும் சேர்த்து வைத்ததும் மையத்தின் தூரமே நேரடியாக வந்து விழுந்தது. ஸ்பெக்கிள் முறையால் இது முடிந்திருக்காது.

படம் அழகாக இருந்தால் போதாது

திருத்துவதற்கு முன், திருத்திய பின் என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள் இல்லையா, அதைப் பார்த்து மயங்காமல் இருக்கப் பழக வேண்டும். கண்ணாடி காற்றை முழுவதும் துடைப்பதில்லை. ஸ்ட்ரெல் விகிதம் என்று ஒன்று உண்டு, காற்றே இல்லாத படத்தில் விண்மீனின் உச்சம் எவ்வளவு உயரமாக இருக்குமோ அதில் எத்தனை பங்கு கிடைத்தது என்று சொல்வது. 50 சதவீதம் கிடைத்தால் மையத்தைப் பார்க்கையில் நல்ல இரவு. மீதி ஒளி எங்கே? பழையபடி அரை வில்விநாடிப் புகைவட்டமாகச் சுற்றிலும் கிடக்கிறது. வழி காட்டிய ஐஆர்எஸ் 7-இன் புகைவட்டமே பக்கத்து மங்கல் விண்மீன்கள்மேல் படிகிறது. இந்த விசித்திரத்தை நான் ரசிப்பதுண்டு: விளக்குப் பிடித்தவனே வழியிலும் நிற்கிறான்.

எஸ்2-வின் ஆய்வில் மிகவும் உதைத்த இடம் 2002-தான், அதாவது எல்லோரும் கொண்டாடிய அதே ஆண்டு. 2003-இல் நாக்கோவும் கெக்கும் ஒன்றைக் கண்டுபிடித்தன: காலி என்று நினைத்த தனுசு ஏ* அவ்வப்போது அகச்சிவப்பில் பளிச்சிடுகிறது, ஒரு மணி நேரம் போல ஒளிர்ந்து அடங்குகிறது. அப்படியானால் 2002-இல் எஸ்2 கருந்துளைக்கு அருகே இருந்தபோது எடுத்த படத்தில் இருந்தது எஸ்2 மட்டும்தானா, எஸ்2-வும் கருந்துளையின் பளிச்சும் கலந்த திட்டா? 8.2 மீட்டர் தொலைநோக்கி காற்றே இல்லாத விண்வெளியில் நின்றாலும் 2.2 மைக்ரோமீட்டரில் அதன் கூர்மை 0.055 வில்விநாடிதான். மிக நெருங்கிய புள்ளியில் எஸ்2-வுக்கும் கருந்துளைக்கும் இடைவெளி 120 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம் ஓர் அலகு), நம் வானத்தில் 0.014 வில்விநாடி. இரண்டும் ஒரே திட்டாகத்தான் விழும், திட்டின் நடுப்புள்ளி பிரகாசமானவர் பக்கம் இழுபட்டுப் போகும். பாதையின் மிக முக்கியமான வளைவில் கிடைத்த புள்ளிகளே சந்தேகத்துக்கு உரியவை ஆகிவிட்டன. அவற்றைச் சேர்த்துக்கொண்டால் மையத்தின் தூரம் ஒன்று வருகிறது, ஒதுக்கினால் வேறொன்று வருகிறது. ஆண்டுக்கணக்கில் இரண்டு குழுக்களும் இந்த 2002-ஐ என்ன செய்வது என்று மல்லுக்கட்டினார்கள், ஒன்று அதன் மதிப்பைக் குறைத்து வைத்தது, மற்றொன்று தூக்கியே போட்டது.

அப்புறம் இன்னொரு தலைவலி. கேமராவின் ஒளியியலே படத்தைக் கொஞ்சம் இழுத்து வளைக்கும், ஆண்டுக்கு ஆண்டு கருவியைத் தொட்டால் அந்த வளைவும் மாறும். ஒரு மில்லி வில்விநாடியில் பின்னம் வரை நம்ப வேண்டும் என்றால் ஆணி அடித்தது போல ஓர் ஆதாரம் வேண்டும். அதற்கு ரேடியோ உதவியது. அந்தப் பகுதியில் சில சிவப்பு விண்மீன்களைச் சுற்றி சிலிக்கன் மோனாக்சைடு மேசர் உமிழ்வு, அதாவது லேசர் போலப் பெருகி வரும் ரேடியோ அலை, உண்டு, அவை ரேடியோவிலும் தெரியும், அகச்சிவப்பிலும் தெரியும். தனுசு ஏ*-வும் ரேடியோவில் எப்போதும் தெரியும். ரேடியோ தொலைநோக்கிகள் அளந்த இடங்களோடு அகச்சிவப்புப் படத்தைப் பொருத்தினால் கருந்துளை எங்கே இருக்கிறது என்று படத்தில் குறி போடலாம். தகவமை ஒளியியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கணக்குப்பிள்ளை வேலையைச் சொல்லவே மாட்டார்கள்.

லேசர் எங்கே உதவியது

கெக் தன் பிரச்சினையை வேறு வழியில் தீர்த்தது: விண்மீன் இல்லையென்றால் நாமே ஒன்றைச் செய்வோம். விண்கற்கள் எரிந்து விட்டுப்போன சோடியம் அணுக்கள் சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய படலமாக இருக்கின்றன. 589 நானோமீட்டர் மஞ்சள் லேசரை அடித்தால் அவை ஒளிரும், வேண்டிய திசையில் ஒரு போலி விண்மீன் ரெடி. 2004 முதல் கெக் இதை மையத்தின்மேல் பயன்படுத்தியது, படங்களின் தரம் ஒரேயடியாக ஏறியது. லேசர் ஓடும் இரவுகளில் விமானம் வருகிறதா என்று பார்க்க வெளியே குளிரில் ஆட்களை நிறுத்தியிருந்தார்கள் என்பது எனக்குப் பிடித்த தகவல், பல கோடி டாலர் கருவியின் கடைசிப் பாதுகாப்பு இரண்டு மனிதக் கண்கள்.

ஆனால் லேசரும் வழிகாட்டிப் பிரச்சினையை முழுசாகத் தீர்க்காது. லேசர் அதே காற்றின் வழியாக மேலே போய் அதே காற்றின் வழியாகத் திரும்புகிறது, ஆகவே படம் மொத்தமாக இடம் வலம் ஆடுவதை அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆடும் படகில் நின்றுகொண்டு அதே படகின் கொடிக்கம்பத்தைப் பார்த்துப் படகு ஆடுகிறதா என்று கேட்பது போல. அந்த ஆட்டத்துக்கு உண்மையான விண்மீன் ஒன்று வேண்டும், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. கெக்குக்கு அது சுமார் 19 வில்விநாடி தள்ளிக் கிடைத்தது. அதோடு போலி விண்மீன் 90 கிலோமீட்டரில் இருப்பதால் அதன் ஒளி கூம்பாக இறங்கும், உண்மை விண்மீனின் ஒளி உருளையாக இறங்கும், கூம்புக்கு வெளியே விளிம்பில் இருக்கும் உயர்காற்றை லேசர் தொடுவதே இல்லை. தொலைநோக்கி பெரிதாகப் பெரிதாக இந்தக் கோளாறும் பெருக்கும். பல லேசர்களை ஒரே நேரத்தில் ஏற்றுவது இதனால்தான். யேபுனில் 2016 முதல் நான்கு லேசர்கள் ஓடுகின்றன.

2018: 60 தள்ளுகோல் போதும்

எஸ்2 அடுத்த முறை நெருங்குவது 2018 என்று பாதை தெரிந்த நாளிலிருந்தே எல்லோருக்கும் தெரியும். ஒற்றைத் தொலைநோக்கியால் 0.014 வில்விநாடியைப் பிரிக்க முடியாது என்பதும் 2002-இல் பட்ட பாட்டில் தெரிந்துவிட்டது. அதனால் பரனாலின் நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியையும் ஒன்றுசேர்த்துக் குறுக்கீடு செய்யும், அதாவது ஒளியலைகளை ஒன்றோடொன்று கலந்து ஒப்பிடும், கிராவிட்டி என்ற கருவியைக் கட்டினார்கள். நான்கும் 130 மீட்டர் வரை பரவி நிற்பதால் பிரிக்கும் திறன் சுமார் 3 மில்லி வில்விநாடிக்கு இறங்கியது.

ஆனால் நான்கு ஒளிகளையும் மயிரிழை போன்ற கண்ணாடி இழைகளுக்குள் செலுத்த வேண்டும். ஒவ்வொரு தொலைநோக்கியிலும் காற்றைத் திருத்தாமல் அது நடக்காது. அங்கே ஏற்கெனவே இருந்த தகவமை அமைப்பில் கண்ணாடிக்கு 60 தள்ளுகோல்கள்தான், அதன் உணரியோ கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கானது. என்ன செய்தார்கள்? கண்ணாடியை மாற்றவில்லை. நான்கு தொலைநோக்கிகளுக்கும் புதிதாக அகச்சிவப்பு உணரிகளைச் செய்து பொருத்தினார்கள், அவற்றைப் பழைய ஐஆர்எஸ் 7 மேலேயே பூட்டினார்கள். கெக்கின் 349 எங்கே, நாக்கோவின் 185 எங்கே, இந்த 60 எங்கே? நல்ல வழிகாட்டியும் 60 தள்ளுகோலும் சேர்ந்தால், கெட்ட வழிகாட்டியோடு இருக்கும் 349-ஐவிட மேல் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

2018 மே 19 அன்று எஸ்2 மிக நெருங்கிய புள்ளியைக் கடந்தது, விநாடிக்கு சுமார் 7650 கிலோமீட்டர், ஒளியின் வேகத்தில் இரண்டரை சதவீதம். அந்த வேகத்தில் ஒரு நாளைக்கு அது வானத்தில் அரை மில்லி வில்விநாடி நகரும், கிராவிட்டி அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இடத்தைச் சொல்லக்கூடியது, ஆக இரவுக்கு இரவு விண்மீன் இடம் மாறுவது தெரிந்தது. 2002-இல் மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்ததை இப்போது ஒரே இரவு இடைவெளியில் பார்த்தார்கள். இன்னொரு பக்கம் தகவமை உதவியோடு எடுத்த நிறமாலைகள் எஸ்2-வின் ஒளி, சார்பியல் சொல்லும் அளவுக்கு, விநாடிக்கு சுமார் 200 கிலோமீட்டருக்குச் சமமாகக் கூடுதலாகச் சிவந்திருப்பதைக் காட்டின. அதில் ஏறக்குறைய பாதி ஈர்ப்பால், பாதி வேகத்தால். அந்த ஜூலையில் அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு கெக் குழுவும் தனியாக அதையே உறுதி செய்தது. 2020-இல் நீள்வட்டமே ஒரு சுற்றுக்கு 12 வில்நிமிடம், அதாவது ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு, திரும்புகிறது என்பதும் வந்தது.

நாக்கோ 2019-இல் ஓய்வு பெற்றது. அடுத்த முறை எஸ்2 நெருங்குவது 2034-இன் நடுவில். சிலியில் கட்டிக்கொண்டிருக்கும் 39 மீட்டர் தொலைநோக்கி அதற்குள் தயாராகிவிட்டால், காற்றை முழுசாக வென்றால், 2.2 மைக்ரோமீட்டரில் அதன் கூர்மை 0.012 வில்விநாடிக்குக் கொஞ்சம் கீழே வரும். எஸ்2-வுக்கும் கருந்துளைக்கும் இடைவெளி 0.014. ஒற்றைத் தொலைநோக்கி அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் முதல் வாய்ப்பு, மயிரிழை வித்தியாசத்தில். அதன் நெளியும் கண்ணாடியில் 5000-க்கும் மேற்பட்ட தள்ளுகோல்கள் இருக்கப்போகின்றன. நான் முதலில் தேடிப் பார்க்கப் போவது என்னவோ, அன்றைக்கு வழிகாட்டியாக எந்த விண்மீன்களைப் பிடித்தார்கள் என்பதைத்தான்.